பழைய பவர் டில்லர் வாங்குவோர் கவனத்திற்கு

காவிரிப் பாசனப் பகுதியில் சொந்தமாக உழவு மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இன்று மிகக் குறைவு. பெரிய டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் வாழைக்கு இடையிலும், தென்னந்தோப்பிலும், இரண்டு மா, மூன்று மா அளவுள்ள வயல்களிலும் அது நுழைந்து திரும்ப இடம் இருப்பதில்லை. இத்தகைய இடங்களுக்கு ஏற்றது இரண்டு சக்கரமுள்ள பவர் டில்லர். இலங்கைத் தமிழர் இதனை லான்ட்மாஸ்டர் என்பர். தாய்லாந்து விவசாயிகள் 'இரும்பு எருமை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர் பழைய வண்டியைத் தேடுவது இயற்கை. ஆனால் நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி, ஆற்றில் தண்ணீர் வந்து நடவு நெருங்கும் வேளையில் பட்டறையில் பிரிந்து கிடந்தால் இரட்டை நஷ்டம். வட்டியும் கட்ட வேண்டும், உழவுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும். இந்த நிலை வராமல் இருக்க, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு விலை பேசாமல், சேற்றில் மூழ்கி வேலை செய்த பாகங்களையும் பார்த்து வாங்க வேண்டும்.

டெல்டாவில் பவர் டில்லர்

இந்தியாவிற்குப் பவர் டில்லர் 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்தது. அதே காலத்தில்தான், 1960ல், தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. 'பேக்கேஜ் திட்டம்' என்று மக்கள் சொன்னது இதைத்தான். 1966ல் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. குறுவையும் தாளடியும் எடுப்பவர்கள் பெருகினார்கள். குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் உழுது சேறடிக்க மாட்டினால் மட்டும் முடியாது என்ற நிலையில் இயந்திரத்திற்குத் தேவை ஏற்பட்டது.

குபோட்டா, மிட்சுபிஷி, இசேக்கி, சாட்டோ, யான்மார் என்று பல ஜப்பானியப் பெயர்கள் இந்தியச் சந்தையில் இருந்தன. அவற்றில் நீடித்து நின்றவை இரண்டு. பெங்களூரில் 1967ல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் தொழில் நுட்பத்துடன் 'சக்தி' டில்லரைத் தயாரித்தது. கேரள அரசின் 'காம்கோ' நிறுவனம் 1973ல் அமைந்து, குபோட்டாவின் தொழில் நுட்பத்துடன் டில்லர் தயாரித்தது. மற்ற பெயர்களில் வாங்கியவர்கள் நாளடைவில் உதிரிப் பாகத்திற்கு அலைய நேர்ந்தது.

இந்தப் படிப்பினை இன்றும் பொருந்தும். 2000க்குப் பின் சீனாவில் செய்த டில்லர்கள் பல பெயர்களில் விற்பனைக்கு வந்தன. 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே விலை குறைவு என்று அறிமுகமில்லாத பெயருள்ள பழைய வண்டியை எடுப்பவர், முதலில் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை போன்ற பக்கத்து ஊர்க் கடைகளில் மூன்று பொருள்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: கிளட்ச் தட்டு, ரோட்டரி ஆயில் சீல், பிஸ்டன் ரிங். மூன்றும் கடையில் இருந்தால் மேலே பேசலாம். 'சொன்னால் வரவழைத்துத் தருகிறோம்' என்ற பதில் வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுதோறும் சில செலவுகள் உண்டு. ஓர் உதாரணக் கணக்கு:

வண்டியின் விலையும் முதல் ரிப்பேரும் சேர்த்து ரூ. 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு கழித்து ரூ. 40,000க்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு ரூ. 12,000. வட்டி ரூ. 10,000. பெல்ட், டயர், கத்தி, ஆயில், ரிப்பேர் வகையில் ரூ. 13,000. ஆக ஆண்டுக்கு ரூ. 35,000.

வாடகை டில்லர் மணிக்கு ரூ. 500 என்றும், சொந்த வண்டிக்கு டீசல், ஓட்டுபவர் கூலி சேர்த்து மணிக்கு ரூ. 250 என்றும் கொண்டால், ஒரு மணிக்கு மிச்சம் ரூ. 250. முப்பத்தைந்தாயிரத்தை இருநூற்றைம்பதால் வகுத்தால் 140 வருகிறது. ஆண்டில் 140 மணி நேரத்திற்குக் குறைவாக வேலை இருந்தால் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

மூன்று ஏக்கர் நெல், இரண்டு போகம், ஏக்கருக்கு மூன்று சால், சாலுக்கு நான்கு மணி என்றால் 72 மணி நேரம். இரண்டு ஏக்கர் வாழையில் நான்கு முறை இடை உழவு, ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு ஐந்து மணி என்றால் 40 மணி நேரம். மொத்தம் 112. இன்னும் 28 மணி நேரம் அக்கம்பக்கத்தில் கூலிக்கு ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். இவை உதாரணத்திற்காகச் சொன்ன தொகைகள். அவரவர் ஊர் விலையையும் வாடகையையும் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். நிலம் குறைவாக உள்ள இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குவதும் உண்டு. அப்போது யார் முதலில் உழுவது, ரிப்பேர் செலவு யாருக்கு எவ்வளவு என்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மானியத்தையும் மறக்கக் கூடாது. 2014-15ல் தொடங்கிய வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் புதிய பவர் டில்லருக்குச் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குப் பாதி விலை வரையும், மற்றவர்களுக்கு நாற்பது சதவீதம் வரையும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. பழைய வண்டிக்கு மானியம் இல்லை. ஆகவே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்று விசாரித்து, மானியம் போகப் புதிய வண்டிக்குக் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று அறிந்த பிறகே பழைய வண்டிக்கு விலை பேச வேண்டும்.

எந்த மண்ணில் உழைத்த வண்டி?

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கும்பகோணம், பாபநாசம், திருவாரூர் பக்கத்துக் களிமண் வயலில் சேறடித்த வண்டியில் எஞ்சின் நன்றாக இருக்கலாம். ஆனால் சேற்றுத் தண்ணீர் ஆயில் சீல்களைத் தாண்டி ரோட்டரிக்குள்ளும் கியர் பாக்சுக்குள்ளும் போயிருக்கக் கூடும். புது ஆற்றுப் பாசனத்தில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் மணல் கலந்த செம்மண்ணில் புழுதி உழவு ஓட்டிய வண்டியில் சீல்கள் தப்பியிருக்கலாம். ஆனால் கத்திகள் விரைவில் தேய்ந்திருக்கும். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் ஓட்டியிருந்தால் புழுதி புகுந்து லைனரும் தேய்ந்திருக்கும். இரும்புக் கேஜ் சக்கரம் மாட்டிய அடையாளம், அச்சின் மேல் உள்ள துரு, ரோட்டரி மூடியின் உட்புறத்தில் ஒட்டிய மண்ணின் நிறம் ஆகியவற்றைப் பார்த்தால் வண்டி எங்கே வேலை செய்தது என்பது தெரிந்துவிடும். புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைச் சந்தேகத்துடனேயே பார்க்க வேண்டும். ஆயில் கசிவும் வெல்டிங் தழும்பும் பெயிண்டுக்கு அடியில் மறைந்திருக்கும்.

பார்க்கப் போகும் நேரம்

அதிகாலையில் போவது நல்லது. தாம் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் தகராறு உள்ள வண்டி என்று கொள்ளலாம்.

அதிகாலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஆயிலில் கலந்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியர் பாக்சின் அடித் திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் வருவது ஆயிலா தண்ணீரா என்பது தெரியும். தண்ணீர் வந்தாலும், ஆயில் மோர் போல வெளுத்திருந்தாலும், சேறு உள்ளே போயிருக்கிறது. விரலில் எடுத்துத் தேய்க்கும்போது இரும்புப் பொடி மின்னினால் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ரோட்டரியின் செயின் பெட்டியிலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

எஞ்சின்

வழக்கமான டில்லர்களில் இருப்பது 12 அல்லது 13 குதிரைத் திறனுள்ள ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. கைப்பிடியைப் போட்டு, அமுக்கத்தை விடுவிக்கும் லீவரைப் பிடிக்காமல் மெதுவாகச் சுற்றினால் கை தடைபட்டு எதிர்த்துத் தள்ள வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் ரிங்கோ வால்வோ போய்விட்டது.

2. முதல் ஓரிரு முயற்சியில் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

3. புகையைப் பார்க்க வேண்டும். பளு ஏற்றும்போது சற்றே கறுத்துப் பிறகு தெளிந்தால் குற்றமில்லை. தொடர்ந்து கரும்புகை வந்தால் நாசிலையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். இது சிறு செலவு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் மாற்ற வேண்டியிருக்கும். சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் அமுக்கம் குறைந்திருக்கலாம், அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் போகலாம்.

4. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது.

5. குளிர்ந்த நிலையிலேயே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழி வருகிறதா, எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. சூடான எஞ்சினில் இந்த மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் பழுது பெரும்பாலும் உள்ளூர் மெக்கானிக்கால் சரி செய்யக் கூடியது. செலவை முன்கூட்டியே கேட்டு விலையில் குறைத்துக்கொள்ளலாம். கியர் பாக்சைப் பிரித்துப் பார்க்கும் வரை அதன் செலவு தெரியாது என்பதுதான் கஷ்டம். நல்ல கியர் பாக்சுடன் சுமாரான எஞ்சின் உள்ள வண்டியை வாங்கலாம். நல்ல எஞ்சினுடன் கெட்ட கியர் பாக்ஸ் உள்ள வண்டியைத் தவிர்ப்பதே மேல்.

பெல்ட், கிளட்ச், கியர்

பெல்ட் விரிசல் விட்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புல்லியின் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். பள்ளத்தின் அடிப்பாகம் பளபளவென்று மின்னினால் பெல்ட் அடிவரை இறங்கி ஓடியிருக்கிறது. புதுப் பெல்ட் போட்டாலும் நழுவும்.

மெயின் கிளட்சை விடுவித்தால் வண்டி உடனே நிற்க வேண்டும். ஊர்ந்துகொண்டே இருந்தால் ஆபத்து. பளுவான இடத்தில் ஓட்டும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றியும் சக்கரம் சுற்றாமல் நின்றால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியரிலும் போட்டு, பின்கியரிலும் போட்டு, பளுவுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். பளுவில் கியர் தானாகக் கழன்று வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

ரோட்டரியும் சக்கரமும்

எஞ்சினை நிறுத்திவிட்டு ரோட்டரி அச்சை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்டால் பேரிங் போய்விட்டது. பேரிங் ஆடினால் எத்தனை முறை ஆயில் சீல் மாற்றினாலும் நிற்காது. புதுக் கத்தி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேய்மானம் தெரியும். கத்தியை மாற்றுவது எளிது. கத்தி மாட்டும் பிடிகளில் போல்ட் ஓட்டை நீண்டு போயிருந்தால் செலவு அதிகம். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு, கைப்பிடிச் சட்டத்தில் வெல்டிங், சக்கர அச்சின் அருகே ஆயில் கசிவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

வயலில் ஓட்டிப் பார்த்தல்

தெருவில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. குறைந்தது அரை மணி நேரம் ரோட்டரியைப் போட்டு மண்ணில் ஓட்ட வேண்டும். வாங்குபவரே ஓட்டினால் கைப்பிடியின் அதிர்வும் வண்டியின் கனமும் தெரியும். பெரிய டில்லர்கள் நானூறு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ எடை உள்ளவை. வரப்போரத்தில் ஓர் ஆளாகத் திருப்ப முடிகிறதா என்பதை அங்கேயே அறிந்துகொள்ள வேண்டும். ஓட்டி முடித்ததும் கியர் பாக்சையும் ரோட்டரிப் பெட்டியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு கூடாது.

தோட்ட வேலைக்குப் பொருத்தம்

வண்டி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, தோட்டத்திற்கும் பொருந்த வேண்டும். வண்டியின் அகலத்தை அளந்து, இரு பக்கமும் ஒரு முழம் இடம் மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். படுகை வாழையில் கன்று நட்ட முதல் சில மாதங்கள் வரை டில்லர் நன்கு உதவும். வேர் பரவிய பிறகு மரத்தை ஒட்டி ஆழமாக உழுதால் மேல்வேர் அறுந்துபோகும். 25 அடி இடைவெளியுள்ள தென்னந்தோப்பில் டில்லருக்கு இடம் தாராளம். அங்கே மரத்தைச் சுற்றி ஆறடி விட்டு உழ வேண்டும். 2018 நவம்பர் கஜா புயலில் தென்னையை இழந்து மறுபடி கன்று வைத்த பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதித் தோப்புகளில் ஊடுபயிர் செய்வோருக்கும் இது பயன்படும். கரும்பை மூன்றடிப் பாரில் நட்டால் பெரிய டில்லர் நுழைவது கடினம். ஐந்தடிப் பாரில் களையெடுக்கவும் மண் அணைக்கவும் நுழையலாம். காய்கறி, பூச்செடிக்கு மட்டும் என்றால் எடை குறைந்த களையெடுக்கும் இயந்திரமே போதும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு இடங்கள்

முதலாவது, இறக்கம். சமதரையில் இடது பக்கக் கிளட்சை அழுத்தினால் வண்டி இடது பக்கம் திரும்பும். ஆற்றங்கரை, வாய்க்கால் மதகு போன்ற இறக்கத்தில் இறங்கும்போது அதே கிளட்சை அழுத்தினால், அந்தச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருண்டு, வண்டி வலது பக்கம் திரும்பிவிடும். இதை அறியாதவர் பதறி இன்னும் அழுத்துவார். வண்டி வாய்க்காலுக்குள் போய்விடும். இறக்கத்தில் குறைந்த கியரில், பக்கக் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியை உடல் பலத்தால் பிடித்துத் திருப்ப வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது.

இரண்டாவது, பின்கியர். பின்னால் தென்னை மரமோ சுவரோ இருந்தால் ஓட்டுபவர் கைப்பிடிக்கும் அதற்கும் நடுவில் நசுங்கக் கூடும். ரோட்டரி சுழன்றுகொண்டே வண்டி பின்னால் வந்தால் கால் போகும். பின்கியரில் ரோட்டரி சுழலாதபடி தடுப்பு உள்ள வண்டிகளில் அது வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருப்பதும் உண்டு. கத்தியில் புல் சுற்றினால் எஞ்சினை நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது. ரோட்டரி மூடியில்லாத வண்டிக்கு, மூடி போட்ட பிறகே வேலை கொடுக்க வேண்டும்.

பத்திரம்

அசல் பில்லில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் வண்டியில் உள்ளவற்றுடன் ஒத்துப் பார்க்க வேண்டும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் பெற்று வாங்கிய வண்டி என்றால், கடன் தீர்ந்ததற்கான சான்று இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. மானியத்தில் வாங்கிய வண்டி என்றால், அதை இப்போது கை மாற்ற அனுமதி உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். விலை, தேதி, எண்கள் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம் அவசியம்.

எப்போது வாங்குவது?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ல் திறக்கும். காலம் தவறுவதும் உண்டு. 2024ல் ஜூலை 28ல்தான் திறந்தது. எப்படியானாலும் தண்ணீர் வரும் செய்தி கேட்டதும் வண்டிக்குக் கிராக்கி ஏறும். நிதானமாகச் சோதிக்க விற்பவர் இடம் கொடுக்க மாட்டார். மாசி, பங்குனியில் வாங்கினால் விலையும் பேசலாம், சீர் செய்யவும் நாள் இருக்கும். வாங்கிய உடனே எஞ்சின், கியர் பாக்ஸ், ரோட்டரி மூன்றிலும் பழைய ஆயிலை வடித்துப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். சக்கர அச்சு, ரோட்டரி ஆகியவற்றின் ஆயில் சீல்களை மாற்ற வேண்டும். பிறகு கோடையில் தோட்டத்தில் பத்து மணி நேரம் ஓட்டி, கியர் பாக்ஸ் ஆயிலை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு, அதன் பின்னரே சேற்றில் இறக்க வேண்டும்.